கட்டில் ஒன்பதுக்கான ஜெபம்

ஜூன் 3, திங்கள்

மாலை ஜெபத்தில் இருந்தவர்கள்: நான், ஷைனி அப்பா, மகள் ஷைனி, என் நாத்தனார் ஹெப்சிபா. ஆக நான்கு பேர். பக்கத்து வீட்டுப் பூனை வாசல்படி வரை வந்து உட்கார்ந்தது. அதைச் சேர்க்கவில்லை.

பழைய ஜெப நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. புது நோட்டுக்கு இன்று கோடு போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பை வேதத்தை வாசித்தும், பொட்டலம் மடித்து வந்த காகிதங்களை வாசித்தும் நானாகக் கற்றுக்கொண்டேன். கோடு போடுவது மட்டும் பிறவியிலேயே வந்தது. கேஸ் மாற்றிய நாள், ஷைனிக்குக் காய்ச்சல் வந்த நாள், முருங்கை முதலில் காய்த்த நாள் எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு. ஜெப நோட்டில் நான்கு கட்டம்: தேதி, யாருக்காக, என்ன காரியம், முடிவு.

ஹெப்சிக்கு வார்டு மாற்றிவிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகப் பிள்ளைகள் வார்டில் நர்சாக இருந்தாள். சனிக்கிழமை முதல் புற்றுநோய் வார்டு. அங்கே இருப்பவர்களுக்காக நாம் தினமும் ஜெபிப்போம், பெயரைச் சொல் என்றேன்.

"பேரு சொல்லக் கூடாது மதினி. ரூல்ஸ்."

"அப்ப யாருக்குன்னு ஆண்டவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஷைனி கேட்டாள். எட்டு வயதுக்கு நியாயமான கேள்விதான்.

"கட்டில் நம்பர் சொல்லுதேன். அவரு பாத்துக்கிடுவாரு" என்றாள் ஹெப்சி.

எழுதிக்கொண்டேன். கட்டில் 4, வயதானவர், தொண்டை. கட்டில் 12, டீச்சரம்மா, மார்பு.

ஜூன் 5, புதன்

கட்டில் 4 சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டாராம். ஷைனி கைதட்டினாள். புது நோட்டின் முதல் முடிவு. ஸ்தோத்திரம். இரவு இடியாப்பம்.

ஜூன் 11, செவ்வாய்

ஹெப்சி மூன்றே முக்காலுக்கு வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்காமல் அதன் மேலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். போன் பேசியிருப்பாள்.

போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடந்தது. காலையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜெபத்தில் கேட்டேன், கட்டில் 12 எப்படி இருக்காங்க என்று. "டிஸ்சார்ஜ் ஆயிட்டு மதினி" என்றாள். எழுதினேன். கட்டில் 2, 7, 15 புதிதாகச் சேர்த்தேன். புளிக்குழம்பு நன்றாக வந்தது. ஹெப்சி மட்டும் பாதியில் எழுந்துவிட்டாள். வெயில் காலம், வயிறு சரியில்லை என்றாள்.

ஜூன் 17, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஒரு நாள் வகுப்பு. மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்து, மனசை எப்படிக் கையாளுவது என்று பாடம் நடத்தினார்களாம். அதற்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்று பெயர். கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும்.

"பத்து எண்ணி முடிக்குறதுக்குள்ள மூணு கட்டில்ல பெல் அடிச்சிருவாங்க" என்றாள் ஹெப்சி.

"நீ எவ்வளவு மார்க்கு?" என்று ஷைனி அப்பா கேட்டார்கள்.

"அம்பதுக்கு நாப்பத்தாறு. வார்டுலயே நான்தான் பர்ஸ்ட்."

"எங்க குடும்பத்துல இவ்வளவு மனசு உள்ள ஆளா! கரண்டு ஆபீசுக்கு வா. பில்லு கூடிட்டுன்னு திட்டுதவன எல்லாம் உன்கிட்ட அனுப்புதேன்."

எல்லோரும் சிரித்தோம். அந்தத் தாளை வாங்கி வாசித்தேன். தமிழில்தான் இருந்தது. ஒன்பதாவது கேள்வி: வேலையில் நடந்ததை வீட்டில் ஒருவரிடமாவது பகிர்ந்துகொள்கிறீர்களா? ஒருபோதும் இல்லை, சில நேரம், எப்போதும் என்று மூன்று கட்டம். ஹெப்சி 'எப்போதும்' என்பதில் டிக் போட்டிருந்தாள். அந்த ஒருவர் நான்தான். சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண். அவளுக்கு இந்த வீட்டில் ஒரு காது வேண்டுமே.

ஜூன் 25, செவ்வாய்

இதுவரை பதினொரு கட்டில். பதினொன்றும் சுகம். இரண்டு முறை எண்ணினேன்.

பென்சில் டப்பாவைக் கீழே போட்டதற்காக ஹெப்சி ஷைனியைச் சத்தம் போட்டுவிட்டாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. பிறகு அவளே ஷைனிக்கு இரட்டைச் சடை பின்னி, கடைக்கும் கூட்டிப் போய் வந்தாள். பத்து எண்ண மறந்திருப்பாள்.

ஜூலை 2, செவ்வாய்

வியாழக்கிழமை பெண்கள் சங்கம். இரண்டு நாளைக்கு முன்பே ஐயரம்மா வந்துவிட்டார்கள். எங்கள் கோயில் போதகர் ஐயரின் மனைவி, சங்கத்துக்குத் தலைவி. காப்பி கொடுத்தேன். நோட்டையும் காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்லை, ஆனாலும் காட்டினேன்.

"தங்கபுஷ்பம், பதிமூணு பேருக்கு ஜெபம் பண்ணி பதிமூணு பேரும் சுகமா? இத நீ கோயில்ல சாட்சியா சொல்லணும். ஆகஸ்ட் முதல் ஞாயிறு பெண்கள் ஆராதனை. அன்னைக்கு நீதான்."

மேடையில் நான் ஒருபோதும் பேசியதில்லை. சரி என்றேன்.

ஹெப்சியிடம் சொன்னபோது அவள் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "எதுக்கு மதினி அதெல்லாம்" என்றாள். அடக்கமான பிள்ளை. சாவி அவள் கையிலேயே இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

ஹெப்சி குளியலறையில் முக்கால் மணி நேரம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி காலியாகி மறுபடி மோட்டார் போட வேண்டியதாயிற்று. வார்டிலிருந்து வந்தால் நன்றாகத் தேய்த்துக் குளிக்கத்தான் வேண்டும்.

கட்டில் 9 சேர்த்தேன். பஸ் டிரைவர், வயிறு.

ஜூலை 14, ஞாயிறு

சாட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டேன். கண்ணாடி முன் நின்று வாசித்துப் பார்த்தேன். ஷைனி கேட்டுக்கொண்டிருந்தாள். "பதினேழு பேரும் சுகம்" என்கிற இடத்தில் குரல் ஏறுகிறதாம். ஏறட்டும். கோயில் பெரிது.

ஜூலை 16, செவ்வாய்

கட்டில் 9 முடிவு: சுகம், டிஸ்சார்ஜ். ஆக பதினெட்டு. சாட்சித் தாளில் எண்ணைத் திருத்தினேன். கட்டில் 3 புதிதாகச் சேர்த்தேன்.

ஜூலை 18, வியாழன்

சங்கத்தில் கூட்டம் இல்லை. எங்கள் சங்கத்து ஜெபராணி அக்காவின் கொழுந்தன் காலமாகிவிட்டார் என்று எல்லோரும் சமாதானபுரத்துக்குத் துக்கம் கேட்கப் போனோம். ஆறு பேர், இரண்டு ஆட்டோ.

இறந்தவர் டேனியல்ராஜ். பஸ் டிரைவர். ஐம்பத்திரண்டு வயது. போட்டோவில் பெரிய மீசை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஹெப்சி சிஸ்டருக்க மதினியாமே? அக்கா சொன்னா. அந்த ஒம்பதாம் நம்பர் கட்டில்ல பதினஞ்சு நாளு கெடந்தோம். செவ்வாக்கிழமை மத்தியானம் முடிஞ்சிட்டு. நான் வெளிய நிக்கேன். சிஸ்டர் என்னைய உடனே உள்ள விடல. முதல்ல அவிய முகத்தத் தொடச்சி, சட்டைப் பித்தான் மாட்டி, மீசையையும் சீவிவிட்டுட்டு, அப்புறந்தான் கதவத் தொறந்தா. நான் பயந்துரக் கூடாதுன்னு."

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"எங்கூடவே நின்னா."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். ஜூலை 16. கட்டில் 9. சுகம், டிஸ்சார்ஜ். கையெழுத்து என்னுடையதுதான்.

மாலை ஜெபத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். இன்று நான் எந்தக் கட்டிலையும் கேட்கவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஷைனி அப்பா ஆபீஸ் போகும்போது கேட்டார்கள், என்ன விஷயம் என்று. சொன்னேன். பதினெட்டில் எத்தனை பொய் என்று தெரியவில்லை, இவ்வளவு நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறாள், நான் கோயிலில் எழுந்து நின்று பொய்ச் சாட்சி சொல்லியிருப்பேனே என்றேன். ஜெபக் காரியத்தில் ஒருத்தி பொய் சொல்வாளா என்றும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதையெல்லாம் எழுத வேண்டாம்.

அவர்கள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் சொன்னார்கள்:

"அங்க டூட்டி முடிச்சி சூப்பிரண்டுக்கு ஒரு ரிப்போர்ட் குடுக்கா. இங்க வந்து முட்டங்கால் போட்டு உனக்கு ஒரு ரிப்போர்ட். செத்தவனப் பத்தி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சொல்ல யாரால முடியும்? அதான் ஒரு தடவையக் கொறைச்சிருக்கா."

"நான் நல்லதுக்குத்தானே கேட்டேன்."

"நீ நல்லதுக்குத்தான் கேட்ட. நோட்டுல கட்டம் காலியா கெடந்தா உனக்குப் பொறுக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபது வருடத்தில் இவ்வளவு நீளமாக அவர்கள் பேசியது மூன்றாவது தடவை.

பழைய பக்கங்களைத் திருப்பினேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நான் கேட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட, "நீ எப்படி இருக்க?" என்று கேட்டதாகக் குறிப்பு இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம்.

ஜூலை 20, சனி

ஜெபத்தில் எண் சொல்லவில்லை. "அந்த வார்டுல படுத்திருக்கவங்களையும், அங்க நிக்கவங்களையும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். ஹெப்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நானும் திறந்திருந்ததால்தான் தெரிந்தது. இரண்டு பேரும் மூடிக்கொண்டோம்.

ஷைனி, "அம்மா, கட்டில் 3 மறந்துட்ட" என்றாள்.

"ஆண்டவருக்குக் கட்டில் எல்லாம் மனப்பாடம் ஆயிட்டுடி" என்றேன்.

ஹெப்சி இரண்டாவது தோசை கேட்டு வாங்கினாள். இந்த மாதம் இது முதல் தடவை.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹெப்சிக்கு இன்று லீவு. அவளும் வந்து எதிரே பலகை போட்டு உட்கார்ந்து தலை கிள்ளத் தொடங்கினாள். ஷைனி அவள் அப்பாவோடு கடைக்குப் போயிருந்தாள். ஒரு பத்து மீன் ஆன பிறகு ஹெப்சி சொன்னாள்.

"மதினி, கட்டில் ஒம்பது..."

"தெரியும்."

"எப்படி?"

"சமாதானபுரம் போனோம்லா, துக்கம் கேக்க. அவங்க வீட்டம்மா சொன்னா. மீசை சீவிவிட்டியாமே."

மீனைக் கீழே வைத்துவிட்டாள். "வியாழக்கிழமையேவா? ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ டூட்டி முடிச்சிட்டு வந்திருந்த."

கீழே வைத்த மீனை மறுபடி எடுத்தாள். அப்புறம் அழுதாள். கையெல்லாம் மீன் என்பதால் துடைக்கவும் முடியவில்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். "வெங்காயம்னாலாவது அது மேல பழி போடலாம். இது நெத்திலியாப் போச்சி" என்றாள். அழுகையோடு சிரிக்கவும் செய்தாள்.

முதல் பொய் கட்டில் 4. ஜூன் 5 அன்று காலையிலேயே அவர் இறந்துவிட்டாராம். "சாயங்காலம் நான் உள்ள வாறேன், ஷைனி முட்டங்கால் போட்டு ரெடியா இருக்கா. 'அத்தை, அந்தத் தாத்தா எழும்பிட்டாவளா?'ன்னா. ஆமான்னுட்டேன். நீங்க உடனே எழுதிட்டீங்க. அடுத்த நாளு எப்படி மாத்த? அப்புறம் நீங்க சாட்சி சொல்லப் போறேன்னுட்டீங்க. கோயில்ல பாதிப் பேரு எங்க ஆஸ்பத்திரியில படுத்து எழும்புனவங்க. உங்கள யாராவது எழும்பிக் கேட்டுட்டா?"

அந்த வார்டில் அழ இடம் இல்லையாம். துணி வைக்கிற அறையில் எப்போதும் ஆள் இருக்கும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். அழுது முடித்து, முகம் கழுவி, கண்ணாடியில் முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சிரித்துக்கொண்டே போக வேண்டும். எல்லாரும் அப்படித்தான் என்றாள்.

"அந்தத் தாளுல, வீட்டுல பகிர்ந்துக்கிடுதியான்னு கேட்டிருந்தான். எப்போதும்னு டிக் போட்டேன் மதினி. அதையும் சேத்துதான் நாப்பத்தாறு."

"பாத்தேன். நாந்தான் அந்த ஆளுன்னு பெருமையா இருந்திச்சி" என்றேன்.

பிறகு அவளாகவே கட்டில் 12 டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னாள். தினமும் டாக்டர் வருமுன் புருவம் வரைந்துவிடச் சொல்வார்களாம். முதல் நாள் ஹெப்சி வரைந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், ஒண்ணு ஆச்சரியப்படுது, ஒண்ணு கோபப்படுது" என்றார்களாம். நான் சிரித்ததில் நெத்திலித் தட்டு கவிழ்ந்தது. பூனைக்கு யோகம்.

பதினெட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று பேர் நிஜமாகவே நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்று மட்டும் சொன்னாள். அதில் ஒருவர் வார்டுக்கே அல்வா கொண்டு வந்தாராம்.

ஜூலை 22, திங்கள்

சாட்சித் தாளைக் கிழித்து அடுப்பு மேடைக்கு விரித்தேன்.

ஷைனிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஹெப்சியே சொன்னாள். சிலர் சுகமாகவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். ஷைனி யோசித்துவிட்டு, "அப்ப அவங்க வீட்டு ஆளுங்களுக்கு ஜெபிக்கணும்லா?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூலை 25, வியாழன்

சங்கக் கூட்டம். கோயில் காம்பவுண்டில் உள்ள சங்க ஹால். வியாழன் ஒன்றரை மணி நேரம் போக, வாரம் முழுவதும் பூட்டியே கிடக்கிறது. நாற்பது நாற்காலி, நான்கு பேன், ஒரு கேஸ் அடுப்பு, குடிதண்ணீர்க் குழாய். பின்வாசலைத் திறந்தால் எதிரே ஆஸ்பத்திரியின் பின் கேட். கூட்டம் முடிந்ததும் நடந்து பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பி வரும்போது நூற்றுப் பத்து.

ஐயரம்மா, "சாட்சி ரெடியா?" என்றார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹெப்சியிடம் ஹால் யோசனையைச் சொன்னேன். டூட்டி மாறுகிற நேரம், இரண்டரை முதல் மூன்றரை வரை. வேண்டுகிறவர்கள் வந்து உட்காரலாம்.

"ஒரு கண்டிஷன் மதினி. யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது."

"பின்ன?"

"டீ. வேற ஒண்ணும் வேண்டாம். யாரும் எதையும் கேக்கப்படாது. நம்ம சங்கத்து ஆளுங்களால முடியுமா?"

"கஷ்டந்தான். ஜெபராணி அக்காவ அடுப்புப் பக்கத்துல நிறுத்திருவோம். டீ ஆத்தும்போது அவளுக்குப் பேச வராது."

"உங்களால முடியுமா?"

"ஒரு வாரமாப் பழகிக்கிட்டுதான இருக்கேன்" என்றேன்.

ஜூலை 27, சனி

ஐயரம்மாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல். நாளை ஆராதனை முடிந்ததும் கையில் கொடுக்க வேண்டும்.

ஐயரம்மா அவர்களுக்கு தங்கபுஷ்பம் எழுதுவது. ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் நான்காம் தேதி நான் சாட்சி சொல்ல இயலாது. உங்களிடம் காட்டிய நோட்டில் முடிவுகள் தப்பு. எழுதியவள் நான், தப்பும் என்னுடையது. தெரியாத காரியத்தைத் தெரிந்ததாக எண்ணிக் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டேன். சபைக்கு முன் அதைச் சொல்லாமல் ஆண்டவர் காத்தார். இதைப் பற்றி எங்கள் வீட்டில் வேறு யாரிடமும் கேட்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம். நம் சங்க ஹாலின் பின்வாசலுக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்சுகளுக்கு, வார்டில் ஒருவர் இறந்துபோனால் உட்கார்ந்து மூச்சு விட ஓர் இடம் இல்லை. அவர்கள் அழுவது நமக்குத் தெரிவதில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான் என்று இருந்துவிட்டோம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இரண்டரை முதல் மூன்றரை வரை ஹாலைத் திறந்து வைக்க அனுமதி வேண்டும். டீ போட நான் வருகிறேன். நான் வர முடியாத நாளில் ஜெபராணி அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரசங்கம், சாட்சி, கேள்வி ஒன்றும் கிடையாது. வருகிறவர்களின் பெயரையோ எண்ணிக்கையையோ நான் எழுதி வைக்க மாட்டேன்.

கட்டில் 3-ல் இருப்பவருக்கு இந்த வாரம் கடினமாக இருக்கிறது. ஹெப்சிக்கு வரும் வாரமும் பகல் டூட்டிதான். ஆகையால் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த நாளிலிருந்து திறக்கலாம் என்பதற்கு உங்கள் பதிலைச் சீக்கிரம் சொல்லவும்.